லிப்ட் ஓடவில்லை, சம்மன் மட்டும் ஓடி வருகிறது!

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை. அலுவலகத்தைப் பூட்டப் போகும் நேரத்தில் ஓர் அம்மா வந்தார். வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கையில் மார்க்கெட்டுக்குக் கொண்டு போகும் பிளாஸ்டிக் பை. பைக்குள் காய்கறி இல்லை, கடிதங்கள். ரப்பர் வளையம் போட்டு ஒழுங்காகக் கட்டி வைத்த கடிதங்கள்.

"தம்பி, எனக்கு மலாய் படிக்கத் தெரியாது. இதுல என்ன போட்டுருக்குன்னு பாருங்க. ஜெயிலுன்னு சொல்றாங்க பக்கத்து வீட்டுப் புள்ளைங்க" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். சிலாங்கூரில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி. மாதம் 45 வெள்ளி பராமரிப்புக் கட்டணம், ஆறு வருட பாக்கி. வட்டியும் சேர்த்து 4,000 வெள்ளிக்கு மேல். 14 நாளில் கட்டாவிட்டால் சட்ட நடவடிக்கை.

"ஏம்மா கட்டாமல் விட்டீங்க?"

"லிப்டு ஓடுனா கட்ட மாட்டேனா தம்பி? ஒன்பதாவது மாடி. முட்டி ரெண்டும் போச்சு. பின்ன எதுக்குக் காசு வாங்குறானுங்க?"

இந்த ஒரு பதிலை இருபது வருடமாகக் கேட்டுக் கொண்டிருக்கிறேன். நியாயமான பதில். ஆனால் சட்டத்தின் முன் நிற்காத பதில்! இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கித்தான் நம் அடுக்குமாடிக் குடும்பங்கள் நசுங்கிக் கொண்டிருக்கின்றன.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்த அம்மாவிடம் பொய் சொல்லவில்லை. ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம் 2013 (சட்டம் 757) என்று ஒன்று 2015 ஜூனில் அமலுக்கு வந்தது. கட்டண பாக்கி இருந்தால் 14 நாள் நோட்டீஸ். பிறகு நீதிமன்றத்திலோ ஸ்ட்ராத்தா நடுவர் மன்றத்திலோ வழக்கு. அதுவும் வேண்டாம் என்றால் கட்டட ஆணையரிடம் வாரண்ட் வாங்கி வந்து வீட்டிலுள்ள டிவி, பிரிட்ஜ் போன்ற சாமான்களை ஜப்தி செய்யலாம். ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி போடலாம். இதற்கெல்லாம் மேலே, தக்க காரணம் இல்லாமல் கட்டாமல் இருப்பது குற்றம் என்றே சட்டம் எழுதி வைத்திருக்கிறது. 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்!

சரி, லிப்டை ஓட விடாதவர்களுக்கு? நிர்வாகக் கழகம் பொதுச் சொத்தைப் பராமரிக்க வேண்டும் என்று அதே சட்டம்தான் சொல்கிறது. ஒன்பது மாடி ஏறி இறங்கி முட்டி போன ஒரு கிழவிக்காக யாராவது குற்றவாளிக் கூண்டில் ஏறியிருக்கிறார்களா? என் தொழிலில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

மோன்ட் கியாராவில் நீச்சல் குளமும் காவலாளியும் உள்ள கொண்டோவுக்கும், ரப்பர் வெட்டிச் சேர்த்த ஈ.பி.எப். பணத்தில் வாங்கிய 25,000 வெள்ளி வீட்டுக்கும் ஒரே சட்டம். சட்டத்தின் முன் அனைவரும் சமமாம்! ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 வீடுகள் உள்ள ஒரு மலிவு விலைக் கட்டடம். மாதம் 40 வெள்ளி. லிப்ட், கூரை, தண்ணீர்த் தொட்டி போன்ற பெரிய செலவுகளுக்காகச் சேமிப்பு நிதி ஒன்று வைக்க வேண்டும், அது கட்டணத்தில் 10 விழுக்காடு. வீட்டுக்கு 4 வெள்ளி. எல்லாரும் ஒழுங்காகக் கட்டினாலும் மாதம் 1,200. வருடத்துக்கு 14,400. ஒரு இலட்சம் வெள்ளி சேரவே ஏழு வருடம் ஆகும். பாதிப் பேர் கட்டாவிட்டால் பதினான்கு வருடம். லிப்டை மாற்ற இலட்சக்கணக்கில் கேட்கிறார்கள். எந்தக் காலத்தில் அந்த லிப்ட் ஓடும்?

ஆக இது சோம்பேறித்தனத்தால் வந்த வினை மட்டுமல்ல. ஆரம்பத்திலேயே கணக்கு உதைக்கிறது. 1982-இல் மலிவு விலை வீட்டுக்கு 25,000 வெள்ளி என்று அரசாங்கம் உச்ச விலை நிர்ணயித்தது. 1998-இல் இடத்தைப் பொறுத்து 42,000 வரை உயர்த்தியது. கட்டியவர்கள் யார்? "முப்பது விழுக்காடு மலிவு வீடு கட்டினால்தான் மற்ற வீடுகளுக்கு அனுமதி" என்ற நிபந்தனைக்காக வேண்டா வெறுப்பாகக் கட்டிய மேம்பாட்டாளர்கள். இலாபமில்லாத இடத்தில் என்ன லிப்ட் போடுவார்கள், என்ன குழாய் போடுவார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாவியைக் கொடுத்து விட்டுப் போய் விட்டார்கள். வீட்டு மனைப் பட்டாவுக்குப் பத்து, பதினைந்து வருடம் காத்திருந்த குடும்பங்கள் எத்தனை! பழுதுகளோடு சேர்த்து அந்தக் கட்டடத்தை ஏழைகளின் தலையில் கட்டி, "வாழ்த்துகள், இன்று முதல் நீங்கள்தான் உரிமையாளர்" என்று சொன்னார்கள்.

நம்மவர்கள் அந்தக் கட்டடங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதையும் மறந்து விடக் கூடாது. நாட்டின் நிர்வாகத் தலைநகரம் புத்ராஜெயா. மாட மாளிகைகள், ஏரி, பாலங்கள். அந்த மண்ணில் முன்பு பிராங் பெசார், கேலோவே, மெடிங்லி, செட்ஜ்லி என்று நான்கு தோட்டங்கள் இருந்தன. கோவில் இருந்தது, தமிழ்ப்பள்ளி இருந்தது. அங்கிருந்து எழுப்பப்பட்ட சுமார் 400 குடும்பங்களுக்குக் கிடைத்தது டிங்கிலில் தாமான் பெர்மாத்தா மலிவு விலை அடுக்குமாடி. சுவரில் விரிசல். இருபது வருடங்களுக்கு மேலாக அந்த விரிசலைக் காட்டிக் காட்டியே ஒரு தலைமுறை கிழடு தட்டி விட்டது. தரை வீடு கேட்டு அந்த மக்கள் போராடிய போராட்டம் நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். தலைநகரத்துக்கே நிலத்தை விட்டுக் கொடுத்தவர்களுக்கு இந்தக் கதி என்றால் மற்றத் தோட்டத்து மக்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

நானும் லயத்து வீட்டில் பிறந்தவன்தான். தோட்டத்து வாழ்க்கையைச் சொர்க்கம் என்று பாட வரவில்லை. ஆனால் ஒன்று. கூரை ஒழுகினால் யாரிடம் போவது என்று என் அப்பாவுக்குத் தெரியும். கிராணியிடம் போவார். கிராணி திட்டுவார், நாலு முறை நடக்க விடுவார், கடைசியில் தகரம் வரும். இன்று அடுக்குமாடியில் கூரை ஒழுகினால் யாரிடம் போவது? நிர்வாக அலுவலகம் பூட்டிக் கிடக்கும். நகராண்மைக் கழகத்துக்குப் போனால் "இது தனியார் சொத்து" என்பார்கள். மேம்பாட்டாளரைத் தேடினால் கம்பெனியே இருக்காது. சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் புகாரை எழுதி வாங்கிக் கொள்வார்கள், தேர்தலுக்கு முன் ஒரு முறை பெயிண்ட் அடித்துக் கொடுப்பார்கள். 2008-இல் சிலாங்கூர் ஆட்சி மாறியது. 2018-இல் மத்திய ஆட்சி மாறியது. லிப்ட் மாறவில்லை!

நகராண்மைக் கழகம் ஏன் இப்படிக் கைகழுவுகிறது? அது நமக்குப் பயப்பட வேண்டிய அவசியம் இல்லை, அதுதான் காரணம். 1965-இல் ஊராட்சி மன்றத் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் (சட்டம் 171) அவற்றை அடியோடு ஒழித்தது. அன்றிலிருந்து கவுன்சிலர்கள் எல்லாம் நியமனம். கோலாலம்பூர் மேயரும் நியமனம். பினாங்கு மாநிலம் 2012-இல் தேர்தலை மீண்டும் கொண்டுவரத் தனிச் சட்டமே இயற்றிப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உங்கள் வரிப் பணத்தை வாங்குகிறவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. அப்புறம் அவர் எதற்கு ஒன்பதாவது மாடிக்கு ஏறி வரப் போகிறார்?

நீதிமன்றத்துக்கு இழுத்தால்? ஹைலண்ட் டவர்ஸ் நினைவிருக்கிறதா? 1993 டிசம்பர் 11-இல் சரிந்து 48 உயிர்களைக் கொண்டு போன கட்டடம். வீடுகளை இழந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் நகராண்மைக் கழகத்துக்குப் பொறுப்பு இல்லை என்று சொல்லி விட்டது. சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974-இன் பிரிவு 95(2) அவர்களுக்குக் கவசம். வசதியுள்ளவர்கள், பெரிய வழக்கறிஞர்களை வைத்தவர்கள். அவர்களுக்கே அந்தத் தீர்ப்பு! அதே சட்டத்தின் பிரிவு 85ஏ-இன் கீழ், ஐந்து மாடிக்கு மேற்பட்ட பத்தாண்டு கடந்த கட்டடத்தைப் பொறியாளரைக் கொண்டு சோதிக்கச் சொல்லி ஊராட்சி மன்றம் நோட்டீஸ் கொடுக்கலாம். நல்ல விதிதான். சோதனைச் செலவு யாருடையது? உரிமையாளருடையது. உரிமையாளர் யார்? சுற்றிச் சுற்றி மறுபடியும் அந்தப் பிளாஸ்டிக் பை அம்மாதான்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்து விட்டு "நமக்கு இந்தத் தொல்லை இல்லை" என்று நினைக்க வேண்டாம். கோலாலம்பூரில் மாநகர் மன்றத்தின் பி.பி.ஆர். வாடகை வீடுகளில் வீட்டுக்காரர் மாநகர் மன்றம்தான். மாதம் 124 வெள்ளி வாங்குகிறது. அங்கே "நீங்கள்தான் உரிமையாளர்" என்று சாக்குச் சொல்லவே வழியில்லை. அப்படியும் 17, 18 மாடிக் கட்டடங்களில் லிப்டுக்கு அரை மணி நேரம் நிற்கிறோம்.

2018 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு, பந்தாய் டாலாம் பி.பி.ஆர். ஸ்ரீ பந்தாயில் மேல் மாடியிலிருந்து யாரோ வீசிய நாற்காலி விழுந்து 15 வயதுத் தமிழ்ப் பையன் இறந்தான். அம்மாவோடு வீட்டுக்கு வந்து கொண்டிருந்தவன். அந்தத் தாய்க்கு என்ன சொல்லி ஆறுதல் கூறுவது? ஆனால் மறுநாளே எல்லா வாயிலும் ஒரே சொல்: "சீக்காப்"! பி.பி.ஆர். மக்களின் மனப்பான்மை சரியில்லையாம். நாற்காலியை வீசிய கை எவனுடையதாக இருந்தாலும் அது கொலைகாரக் கை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் மேலே இருந்து பொருள் விழுவது அன்றுதான் முதல் முறையா? குப்பை, பாட்டில், பழைய சாமான் விழுவது அங்கே குடியிருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் நடைபாதைக்கு மேல் ஒரு கூரை போடாத வீட்டுக்காரரின் மனப்பான்மையைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? உடைந்த நாற்காலியைப் பதினேழு மாடி இறக்க ஓடுகிற லிப்ட் வேண்டும். போட ஓர் இடம் வேண்டும். ஏழை செய்தால் குணக்கேடு, அதிகாரி செய்தால் ஒதுக்கீடு பற்றாக்குறை!

இப்போது நம் பக்கம் வருகிறேன். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

கோவில் ஆண்டுக் கூட்டம் என்றால் வேலைக்கு லீவு போட்டு விட்டு வந்து மைக்கைப் பிடுங்கிச் சண்டை போடுகிறோம். உபயக் கணக்கில் பத்து வெள்ளி குறைந்தால் விட மாட்டோம். அதே வீரம் அடுக்குமாடியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு எங்கே போனது? நோட்டீஸ் மலாயில் ஒட்டியிருக்கிறது, பெரியவர்களுக்குப் புரியவில்லை, உண்மைதான். வீட்டில் ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளை இருக்கிறானே, படித்துச் சொல்லக் கூடாதா? கூட்டத்துக்கு உரிமையாளர்களில் நான்கில் ஒரு பங்கு வர வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் அரை மணி நேரம் காத்திருந்தும் வராவிட்டால், வந்தவர்களே போதும். முந்நூறு வீட்டுக் கட்டடத்தில் பன்னிரண்டு பேர் வந்தாலும் தீர்மானம் செல்லும்! அந்தப் பன்னிரண்டு பேர் யாருடைய ஆட்கள் என்று உங்களுக்கே தெரியும். லிப்ட் பழுது பார்க்கும் குத்தகையும் துப்புரவுக் குத்தகையும் யாருக்குப் போகிறது என்பதும் தெரியும். மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிறோம். கூட்டத்தில் பேசுவதில்லை.

இன்னொரு பொறி இருக்கிறது. கூட்டத்துக்கு ஏழு நாட்களுக்கு முன் பாக்கி இருப்பவருக்கு வாக்குரிமை கிடையாது. லிப்ட் ஓடவில்லை என்று கோபித்துக் கொண்டு கட்டணத்தை நிறுத்துகிறோம். நிறுத்தியதால் வாக்குப் போகிறது. வாக்குப் போனதால் அந்தப் பன்னிரண்டு பேரே மீண்டும் வருகிறார்கள். லிப்ட் ஓடாது. நம் கோபமே அவர்களுக்குப் பாதுகாப்பு! வழக்கறிஞனாக நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: கட்டணத்தை நிறுத்துவதைப் போராட்டம் என்று நினைக்காதீர்கள். பாக்கியைத் தவணையில் கட்டித் தீர்த்து விட்டு, வாக்கோடு உள்ளே போய் உட்காருங்கள். கட்டிய ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது வாங்குங்கள்.

உள்ளே போனால் என்ன செய்யலாம்? நிறைய செய்யலாம். கணக்குப் புத்தகத்தைக் காட்டு என்று கேட்கலாம். உரிமையாளருக்கு அந்த உரிமை உண்டு, கணக்கு தணிக்கை செய்யப்பட்டும் இருக்க வேண்டும். நான்கில் ஒரு பங்கு உரிமை அளவு உள்ளவர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் அசாதாரணப் பொதுக்கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். மேல் வீட்டிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறதா? வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்த 7 நாட்களுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. வரவில்லை என்றால் ஸ்ட்ராத்தா நடுவர் மன்றம் இருக்கிறது. 250,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும். அங்கே பொதுவாக வழக்கறிஞர்களுக்கு இடமில்லை, நீங்களே பேசலாம். என் பிழைப்புக்கு நட்டம்தான், பரவாயில்லை!

நிர்வாகக் கழகமே செத்துக் கிடக்கிறது, கூட்டமே நடப்பதில்லை என்றால் சி.ஓ.பி. என்னும் கட்டட ஆணையருக்கு எழுதுங்கள். அவர் உங்கள் ஊராட்சி மன்றத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். செயல்படாத நிர்வாகத்துக்குப் பதிலாக நிர்வாக முகவரை நியமிக்கும் அதிகாரம் பிரிவு 86-இல் அவருக்கு இருக்கிறது. "இது தனியார் சொத்து" என்று முகப்பில் திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இவ்வளவும் செய்தாலும் நான் மேலே போட்ட கணக்கு உதைக்கத்தான் செய்யும். வீட்டுக்கு 4 வெள்ளியில் லிப்ட் வராது. எனவே அரசாங்கத்திடம் நாம் கேட்பது சலுகை அல்ல. மலிவு விலை வீட்டின் லிப்ட், தண்ணீர்த் தொட்டி, மின்கம்பி, கூரை, இந்த நான்கையும் மாற்றும் செலவை மத்திய, மாநில அரசுகள் ஏற்க வேண்டும். தேர்தல் நேரத்து அன்பளிப்பாக வேண்டாம், ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில் வர வேண்டும். நிலத்தைப் பறித்து, உயரத்தில் ஏற்றி வைத்தவர்களுக்கு ஏறி இறங்க வழி செய்து கொடுக்கும் கடமை இல்லையா? 14 நாள் நோட்டீசை, மூன்றாண்டு சிறை என்று எழுதியிருக்கும் ஒரு சட்டத்தின் நோட்டீசை, வாங்குபவருக்குப் புரியும் மொழியிலும் கொடுக்க வேண்டும். தமிழில் ஒரு பக்கம் அச்சடித்தால் நாடு கவிழ்ந்து விடாது.

இதில் அவசரம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா நாடாளுமன்றத்தில் தாக்கலானது. ஸ்ட்ராத்தா உரிமைச் சட்டம் 1985-இன்படி ஓர் அடுக்குமாடியை முடித்து விட உரிமையாளர்கள் அனைவரும் ஒருமனதாக ஒத்துக்கொள்ள வேண்டும். மசோதாவில் என்ன போட்டிருந்தார்கள்? 30 ஆண்டுக்கு உட்பட்ட கட்டடத்துக்கு 80 விழுக்காடு, 30 ஆண்டு கடந்ததற்கு 75 விழுக்காடு, கைவிடப்பட்ட அல்லது பாதுகாப்பற்ற கட்டடத்துக்கு வெறும் 51 விழுக்காடு! அந்த மசோதா எந்த வடிவில் வந்தாலும், வராமலே போனாலும், அதிலுள்ள எண்ணம் போகாது. யோசித்துப் பாருங்கள். பாதுகாப்பற்ற கட்டடம் எப்படி உருவாகிறது? இருபது வருடம் பழுது பார்க்காமல் விட்டால் உருவாகிறது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள நம் மலிவு விலை வீட்டு நிலத்தின் மதிப்பு என்னவென்று மேம்பாட்டாளருக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியாது. அன்றைக்குக் கையெழுத்து வாங்க வீடு வீடாக வருவார்கள். பாக்கியோடு, சம்மனோடு, மலாய் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியிடம் கையெழுத்து வாங்க எவ்வளவு நேரம் ஆகும்?

அந்த அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். நிர்வாகக் கழகத்துக்குக் கடிதம் எழுதினேன். வட்டியைத் தள்ளுபடி செய்யவும், பாக்கியை மாதம் 200 வெள்ளியாகக் கட்டவும் பேசி முடித்தோம். மகள் கொஞ்சம், பேரன் கொஞ்சம் போட்டுக் கட்டுகிறார்கள். கூடவே மூன்றாண்டு லிப்ட் பராமரிப்புக் கணக்கைக் காட்டும்படி அந்த அம்மாவின் பெயரிலேயே இன்னொரு கடிதம். கைநாட்டு வேண்டாம் என்று பேரனிடம் எழுத்துக் கற்றுக் கொண்டு, தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முதலில் "ஆடிட்டரிடம் இருக்கிறது" என்றார்கள். பிறகு "அடுத்த மாதம் வாருங்கள்" என்றார்கள். கட்டட ஆணையருக்கு ஒரு நகல் போனதும் தேதி கொடுத்து விட்டார்கள். வரும் 14-ஆம் தேதி, இரவு எட்டு மணி, தரை மாடி சூராவுக்குப் பக்கத்து மண்டபம். அந்தக் கட்டடத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட நம் குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்பது மாடி இறங்கி அவர் வருகிறார்.